செய்துகாட்டத் தெரிந்த பட்டதாரி: கணினிப் பட்டநெறிகளில் தேர்ச்சிகளை எப்படி எழுதுவது?

கணினிப் பட்டநெறி ஒன்றின் கலைத்திட்டத்தைத் திருத்தக் கூடும் குழு, முதல் நாளிலேயே பாடத் தலைப்புகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. தரவுத்தளத்துக்கு எத்தனை கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகு), இயந்திரக் கற்றலை இரண்டாம் ஆண்டுக்கே கொண்டுவருவதா, கணிதத்தில் எதைக் குறைப்பது என்ற வாக்குவாதத்திலேயே மாதங்கள் கழிந்துவிடும். பட்டத்தை முடித்து வெளியேறும் பிள்ளை எந்த வேலையைத் தானாகப் பொறுப்பெடுத்துச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்ற கேள்வி, ஆவணத்தின் முதற்பக்கங்களை நிரப்ப வேண்டிய கடைசி வாரத்தில்தான் மேசைக்கு வருகிறது. அந்த அவசரத்தில் எழுதப்படும் வாக்கியங்கள் எப்படி இருக்கும் என்பது கொழும்பில் கணினி கற்பிக்கும் எவருக்கும் தெரியும்: “மாணவர் தரவுக் கட்டமைப்புகளின் அடிப்படைகளை விளங்கிக்கொள்வார்”, “மென்பொருள் பொறியியற் கோட்பாடுகளைப் பிரயோகிப்பார்”, “பயனுறுதியுடன் தொடர்பாடுவார்”. இவற்றில் பிழையென்று சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. ஆனால் இவற்றுள் ஏதேனும் ஒன்றை ஒரு மாணவர் அடைந்துவிட்டாரா இல்லையா என்று இரண்டு விரிவுரையாளர்களைத் தனித்தனியே கேட்டால், இருவரும் ஒரே பதிலைச் சொல்வார்கள் என்று எவரும் உறுதி கூற முடியாது.

யாருக்காக, எந்தச் சூழலில், எந்த வேலையை மாணவர் செய்துகாட்ட வேண்டும், செய்தார் என்பதற்கு எது சான்று என்ற அளவுக்கு எழுதப்படாத எதையும் தேர்ச்சி என்று சொல்வதற்கில்லை என்பதே என் நிலைப்பாடு. அப்படி எழுதப்படாதவை, பாடத் தலைப்பின் பின்னால் ஒரு வினைச்சொல்லைச் சேர்த்ததோடு நின்றுவிடுகின்றன. கலைத்திட்டக் கூட்டங்களில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். கூட்டத்தில் சொல்லும்போது நேரம் போதாமற்போகும் காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கணினிக் கல்விக்கான சர்வதேசக் கலைத்திட்ட வழிகாட்டல்கள் நீண்டகாலம் அறிவுப் பரப்புகளின் பட்டியலாகவே இருந்தன. கணினித் துறையினரின் சர்வதேச அமைப்பான ஏசிஎம் 1968 இல் வெளியிட்ட முதல் வழிகாட்டல், எந்தெந்தப் பாடங்களைக் கற்பிக்க வேண்டும் என்பதையே சொன்னது. அந்தத் துறைக்கே அப்போது பல்கலைக்கழகங்களில் இடம் உறுதியாகாத காலம் அது. ஏசிஎம்மும், மின், மின்னணுப் பொறியியலாளர் அமைப்பான ஐஇஇஇயின் கணினிச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட 2013 ஆம் ஆண்டு வழிகாட்டல் 18 அறிவுப் பரப்புகளை வகுத்து, ஒவ்வொரு கற்றல் பேறுக்கும் பரிச்சயம், பயன்பாடு, மதிப்பிடும் ஆற்றல் என மூன்று படிகளையும் வைத்தது. 2017 இல் வெளியான தகவல் தொழில்நுட்பப் பட்டநெறிகளுக்கான வழிகாட்டல்தான் தேர்ச்சியை நடுவில் வைத்துக் கலைத்திட்டத்தை வரையத் துணிந்தது. அதன் பின் வந்த ‘கம்ப்யூட்டிங் கரிக்குலா 2020’ அறிக்கை, அறிவு, திறன், மனப்பாங்கு ஆகிய மூன்றும் ஒரு குறிப்பிட்ட பணியில் ஒன்றாகச் செயற்படுவதே தேர்ச்சி என்று வரையறுத்தது. அந்த வரையறையில் ‘பணி’ என்ற பகுதியைத்தான் நாம் பெரும்பாலும் வாசிக்காமல் கடந்துபோகிறோம். அறிவு, திறன், மனப்பாங்கு என்ற மூன்று பத்திகளை ஓர் அட்டவணையில் வரைந்து நிரப்புவது எளிது. அவை மூன்றும் ஒருசேர வேலை செய்யும் ஒரு பணியை எழுதுவதற்கு, அந்தப் பணியை எழுதுபவரே செய்து பார்த்திருக்க வேண்டும்.

நமது நாட்டுக்கு இந்தச் சிந்தனை புதியதன்று. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் 2007 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு பாடசாலைக் கலைத்திட்டத்தைத் தேர்ச்சி மையமாக்கியது. உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்கான ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்தால், தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு, பாடவேளை என்று ஒழுங்காக அச்சிட்டிருக்கும். அப்படியிருந்தும் வகுப்பறையில் நடப்பது கடந்தகால வினாத்தாள் பயிற்சிதான். ஆசிரியர்களைக் குறைசொல்லிப் பயனில்லை; பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பரீட்சை எதைக் கேட்கிறதோ அதைத்தான் எந்த ஆசிரியரும் கற்பிப்பார். பல்கலைக்கழகம் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் பெரியது. தேர்ச்சியை எவ்வளவு அழகாக எழுதினாலும், கணிப்பீட்டு முறை மாறாவிட்டால் எழுதியது ஆவணத்திலேயே தங்கிவிடும்.

உயர்கல்விக்கும் ஒரு சட்டகம் இருக்கிறது. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் 12 மட்டங்கள் உண்டு. மூன்றாண்டுப் பட்டம் 90 கிரெடிட்டுகளுடன் 5 ஆம் மட்டத்திலும், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 120 கிரெடிட்டுகளுடன் 6 ஆம் மட்டத்திலும் வருகின்றன. கோட்பாட்டு அறிவு, நடைமுறை அறிவு, தொடர்பாடல், குழுச் செயற்பாடும் தலைமைத்துவமும், மனப்பாங்கும் விழுமியங்களும் என்று கற்றற் பேறுகளையும் அது 12 வகையாகப் பிரிக்கிறது. நல்ல சட்டகம்தான். அதை நாம் கையாளும் விதத்தில்தான் எனக்கு மனவருத்தம். பாட அலகுகளை ஒரு பக்கமும் 12 பேறுகளை மறுபக்கமும் எழுதி, நடுவிலுள்ள கட்டங்களில் சரி அடையாளம் இடுவதோடு வேலை முடிந்ததாகக் கருதுகிறோம். தரவுத்தளப் பாடத்தில் ஒரு குழு ஒப்படை இருந்தால், ‘தலைமைத்துவம்’ என்ற கட்டத்தில் ஓர் அடையாளம். அந்த ஒப்படையில் யார் எதை முன்னின்று நடத்தினார், அதை யார் கவனித்தார் என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை. வெளியிலிருந்து வரும் தர மதிப்பீட்டாளருக்கும் அட்டவணை நிறைந்திருப்பது மட்டுமே தெரியும்.

அதே சட்டகம் ஒரு கிரெடிட்டுக்கு 50 கற்றல் மணித்தியாலங்களைக் கணக்கிடுகிறது என்பதைக் கூட்டங்களில் குறைவாகவே நினைவுபடுத்துகிறோம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம். அதில் விரிவுரை மண்டபத்தில் கழிவது சிறு பங்கு. மிச்சம் முழுவதும் மாணவர் தானாகச் செய்யும் வேலைக்கு உரியது. அந்த வேலை என்ன என்று பாடத்திட்டம் பேசுவதேயில்லை. தேர்ச்சி உருவாவதோ அந்த நேரத்தில்தான்.

இனி ஒரு தேர்ச்சியை எடுத்துக்கொண்டு, அதை எப்படி எழுதலாம் என்று பார்ப்போம். வெள்ளவத்தையில் உள்ள ஒரு சிறிய வாசிகசாலையின் நூற்பட்டியலை மூன்று மொழிகளிலும் தேடக்கூடியதாக ஆக்கும் வேலையை, இறுதியாண்டுக் குழு ஒன்றுக்குக் கொடுத்திருந்தோம். பட்டியலை முன்பு இருவர் வெவ்வேறு தட்டச்சு மென்பொருள்களில் உள்ளிட்டிருந்தார்கள். ‘கொழும்பு’ என்று தேடினால் சில நூல்கள் வந்தன. அதே சொல் தலைப்பில் கண்முன்னே தெரியும் வேறு சில நூல்கள் வரவில்லை. வாய்மொழிப் பரீட்சையில், வராத நூலொன்றைத் திரையில் காட்டி, “இது ஏன் பிள்ளை வரேல்ல?” என்று கேட்டேன். மட்டக்களப்பிலிருந்து வந்து படிக்கும் அந்த மாணவி, “மிஸ், பார்க்க ரெண்டும் ஒண்டுதான். உள்ளுக்கு வேற” என்று சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுத்து இரண்டு ‘கொழும்பு’களின் குறியீடுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்.

கண்ணுக்கு அது நான்கு எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் தரமுறையான யூனிகோடில் அது எட்டுக் குறியீட்டுப் புள்ளிகள், அதாவது எட்டு எண்கள். ஆனால் ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை ஒரே புள்ளியாகவும் சேமிக்கலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு புள்ளிகளாகவும் சேமிக்கலாம். இரண்டாவது வழியில் அதே சொல் ஒன்பது புள்ளிகளாகிவிடுகிறது. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது; புள்ளிகளை ஒவ்வொன்றாக ஒப்பிடும் தரவுத்தளத்துக்கோ இரண்டும் வெவ்வேறு சொற்கள். அந்த மாணவி, உள்ளீடு வரும் இடத்திலேயே எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும்படி நிரலை மாற்றியிருந்தார். ஏற்கெனவே இருந்த பதிவுகளை மாற்றுவதற்கு முன் அவற்றின் பிரதியை எடுத்து வைத்திருந்தார். எவரும் கேட்காமலே, ‘கோ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளிலும் இதே சிக்கல் வருமென்று ஊகித்து, அவற்றுக்கும் சோதனைகள் எழுதியிருந்தார். வாசிகசாலைப் பொறுப்பாளருக்குத் தமிழில் ஒரு பக்கக் குறிப்பும் கொடுத்திருந்தார்.

இந்த ஒரே நிகழ்வில் அறிவு எது, திறன் எது, மனப்பாங்கு எது என்று பிரித்துக் காட்டலாம். யூனிகோட் எழுத்துகளை எப்படிச் சேமிக்கிறது என்பது அறிவு. தவறும் பதிவைத் தனிமைப்படுத்தி, ஒப்பிட்டு, திருத்தி, சோதனை எழுதுவது திறன். ‘கொ’ சரியானதோடு நின்றுவிடாமல் ‘கௌ’வையும் பார்த்ததும், கைவைக்க முன் பிரதி எடுத்ததும் மனப்பாங்கு. மூன்றையும் வேறு வேறு வினாத்தாள்களில் கேட்டிருந்தால், இவர் ஒரு தேர்ந்த ஆள் என்பது எந்த விடைத்தாளிலும் தெரிந்திருக்காது. ஆகவே இத்தேர்ச்சியை நான் இப்படி எழுதுவேன்: ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் பதிவுகள் கொண்ட, வேறொருவர் உருவாக்கிய தரவுத்தளம் ஒன்றைப் பொறுப்பேற்று, தேடல் தவறும் இடங்களைக் கண்டறிந்து, காரணத்தைச் சான்றுடன் விளக்கி, இருக்கும் பதிவுகள் எதுவும் இழக்கப்படாதவாறு திருத்தி, திருத்தம் பின்னர் குலையாதிருப்பதற்கான சோதனைகளை எழுதி, தொழில்நுட்பம் அறியாத பயனருக்கு அவரது மொழியில் விளக்கிக் கையளிப்பார். வாக்கியம் நீளமானதுதான். ஆனால் இதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு விரிவுரையாளர்கள் ஒரு மாணவரின் வேலையைப் பார்த்தால், அவர்களின் தீர்ப்பு பெரும்பாலும் ஒத்துப்போகும்.

‘வேறொருவர் உருவாக்கிய’ என்ற சொற்களை நான் வேண்டுமென்றே சேர்த்தேன். நமது ஒப்படைகள் அனைத்தும் வெற்றுத் திரையில் தொடங்குகின்றன. வேலைக்குப் போகும் பிள்ளையோ முதல் நாளே பிறர் பல ஆண்டுகள் எழுதிய நிரலின் முன்னால் உட்கார்த்தப்படுகிறார். தெமட்டகொடை, மருதானைப் பக்கமுள்ள மென்பொருள் வளாகங்களில் தொழிற்பயிற்சிக்குப் போய்வரும் மாணவர்கள், அங்கே தமக்கு அதிகம் திண்டாட்டமாக இருந்தது பிறர் எழுதியதை வாசிப்பதுதான் என்று சொல்கிறார்கள். வாசித்து விளங்கிக்கொள்வதைத் தேர்ச்சியாக எழுதிய பாடத்திட்டத்தை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

ஒரே தேர்ச்சியை ஆண்டுக்கு ஆண்டு எப்படி உயர்த்துவது என்பதற்கும் இந்த முறை வழிவிடுகிறது. முதலாம் ஆண்டு மாணவரிடம் தவறும் பதிவையும் காரணத்தையும் நாமே சொல்லிவிட்டுத் திருத்தும்படி கேட்கலாம். மூன்றாம் ஆண்டில் தவறும் பதிவை மட்டும் காட்டலாம். இறுதியாண்டில், “தேடல் சரியாக வருதில்லை எண்டு சொல்லுகினம்” என்ற பயனரின் ஒற்றை வரி முறைப்பாடு போதும். நினைவுகூர்தல் முதல் உருவாக்கல் வரை கற்றலை வகுக்கும் புளூமின் திருத்திய வகைப்பாட்டிலுள்ள ஆறு படிகளுக்கேற்ப வினைச்சொற்களை மாற்றி மாற்றி எழுதுவதைவிட, நாம் எவ்வளவு உதவியை விலக்கிக்கொள்கிறோம் என்று எழுதுவது மாணவருக்கும் விளங்கும், கற்பிப்பவருக்கும் விளங்கும்.

மனப்பாங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 அறிக்கை 11 மனப்பாங்குகளைத் தருகிறது: பொறுப்புணர்வு, கூடிச் செயற்படல், நுணுக்கமான கவனம், மாற்றத்துக்கு இசைதல், தானாக முன்வருதல் முதலியன அவற்றுள் அடங்கும். தீவிர ஆர்வமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு மட்டும் நான் புள்ளியிடச் சம்மதிக்க மாட்டேன். ஆர்வத்தை அளக்கப் புகுந்தால், முன்வரிசையில் உட்கார்ந்து கையுயர்த்திப் பேசும் பிள்ளைக்கே புள்ளி போகும். பகலில் வகுப்புக்கு வந்து, மாலையில் கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் கணக்கு எழுதிவிட்டு, இரவில் ஒப்படை செய்யும் பிள்ளை களைத்த முகத்தோடுதான் எங்களுக்கு முன்னால் நிற்பார். பொறுப்பும் நுணுக்கமும் அப்படியானவை அல்ல. அவை வேலையில் தடம் விட்டுச் செல்கின்றன. நிரலின் மாற்ற வரலாற்றைத் திறந்து பார்த்தால், ஒருவர் பத்து வாரமாகச் சிறிது சிறிதாக வேலை செய்தாரா, சமர்ப்பிப்பதற்கு முதல்நாள் இரவு எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினாரா என்பது தெரியும். சக மாணவர் சுட்டிக்காட்டிய குறையை எப்படி எதிர்கொண்டார் என்பதும் அங்கேயே எழுத்தில் இருக்கும். அந்தத் தடங்களை வைத்து மாணவரோடு உட்கார்ந்து பேசுவதே மனப்பாங்குக்கான கணிப்பீடு. ‘மனப்பாங்கு: பத்துக்கு ஏழு’ என்று எழுதுவதால் எவருக்கும் எந்தப் பயனும் இல்லை.

அடுத்தது, தமிழ் மொழிமூலம் படித்து வந்த பிள்ளைகளை நேரடியாகப் பாதிக்கும் விடயம். வவுனியாவிலும் அட்டனிலும் மூதூரிலும் உயர்தரம் வரை தமிழிலேயே படித்தவர்கள், கொழும்புக்கு வந்து முதல் வாரத்திலிருந்தே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறார்கள். ‘பயனுறுதியுடன் தொடர்பாடுவார்’ என்ற பேறு நடைமுறையில் ஆங்கிலத்தில் பன்னிரண்டு நிமிடம் படவில்லைகளைக் காட்டிப் பேசுவதாகச் சுருங்கிவிடுகிறது. ஆங்கிலம் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தொழில்நுட்ப ஆவணங்களை ஆங்கிலத்தில் வாசிக்கவும் எழுதவும் தெரியாத பட்டதாரியை வெளியே அனுப்புவது அவருக்கே செய்யும் அநியாயம். ஆயினும் தொடர்பாடல் தேர்ச்சி வேறு, ஆங்கிலச் சரளம் வேறு. முதலாவது, கேட்பவருக்கு எது தெரியும், எது தெரியாது என்று கணித்து, அதற்கேற்பச் சொல்லும் ஆற்றல். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியான நாட்டில், பொதுமக்கள் பயன்படுத்தும் எந்த அமைப்பும் மூன்று மொழிகளில் இயங்க வேண்டியது. வாசிகசாலைப் பொறுப்பாளருக்குத் தமிழில் அந்த ஒரு பக்கக் குறிப்பை எழுதியது தொடர்பாடல் இல்லையென்றால் வேறெது தொடர்பாடல்?

மொழி தொழில்நுட்பத்துக்குள்ளும் நுழைகிறது. சந்திப்பு நினைவூட்டலைக் குறுஞ்செய்தியாக அனுப்பும் மருத்துவ நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துக்குறிகள் கிடைக்கும். தமிழிலோ சிங்களத்திலோ 70 தான், அதிலும் உயிர்மெய்க் குறிகளும் மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படும். ஆங்கில வாசகத்தை அப்படியே தமிழாக்கி அனுப்பினால், ஒரு செய்தி இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்து செலவைக் கூட்டும். இதை முன்கூட்டியே கணக்கிட்டு வாசகத்தை அமைக்கத் தெரிந்த பட்டதாரி, இந்த நாட்டுக்கு வேண்டிய தேர்ச்சி ஒன்றைப் பெற்றவர். எந்தச் சர்வதேச வழிகாட்டலும் இதை நமக்கு எழுதித் தரப்போவதில்லை. அவர்கள் தருவது அமைப்பு. பணியை நாம்தான் இங்கிருந்து எடுக்க வேண்டும்.

தொழில்துறைப் பிரதிநிதிகளை ஆலோசனைக்கு அழைக்கும்போது இதே கவனம் வேண்டும். அவர்கள் இன்று பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நாமும் அவற்றைப் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்வோம். அந்தத் தொகுதி மாணவர் பட்டம் பெறும்போது நிறுவனங்கள் வேறு கருவிக்கு மாறியிருக்கும். “உங்களிடம் வேலைக்கு வந்து ஆறு மாதமான பட்டதாரி, உதவியில்லாமல் எதைச் செய்தால் நிம்மதியாக இருப்பீர்கள்?” என்று கேட்டால் வரும் பதில்கள் பல ஆண்டுகளுக்குப் பயன்படும்.

கேட்டால் நிரலையும் எழுதித்தரும் சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்த பிறகு இவையெல்லாம் இன்னும் அவசரமாகிவிட்டன. 17 அறிவுப் பரப்புகளோடு வந்த 2023 ஆம் ஆண்டுக் கணினி விஞ்ஞான வழிகாட்டலும் ஆக்கச் செயற்கை நுண்ணறிவைக் கருத்தில் எடுத்திருக்கிறது. சமர்ப்பிக்கப்படும் நிரல் மட்டும் இனி எதற்கும் சான்றாகாது. சமர்ப்பித்ததை நம்முன் விளக்குவதும், நாம் அந்த இடத்திலேயே கேட்கும் சிறு மாற்றத்தைச் செய்துகாட்டுவதும், அந்தக் கருவி தந்த விடையில் உள்ள பிழையைக் கண்டுபிடிப்பதும்தான் சான்று. தேர்ச்சிகளைப் பணியாக எழுதியிருந்தால் இந்த மாற்றம் இயல்பாகவே பொருந்தும். தலைப்பாக எழுதியிருந்தால் ஒவ்வொரு ஒப்படையோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சக விரிவுரையாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நூற்றைம்பது பேர் கொண்ட வகுப்பில் ஆளுக்கு இருபது நிமிடம் வாய்மொழிப் பரீட்சை வைத்தால், ஐம்பது மணித்தியாலம் அதற்கே போய்விடும். விடைத்தாள் திருத்தும் நேரத்துக்கு மேலதிகமாக இதையும் சுமத்தினால் எவரும் தாங்கமாட்டார்கள். அதனால் எல்லாப் பாடங்களையும் ஒரே நேரத்தில் மாற்றும்படி நான் கேட்கவில்லை. ஆண்டுக்கு ஒரு பாட அலகில் எழுத்துப் பரீட்சையை முற்றாக எடுத்துவிட்டு, அந்த நேரத்தைச் செய்துகாட்டலுக்குக் கொடுக்கட்டும். பட்டநெறி முழுவதற்கும் பத்துப் பன்னிரண்டு தேர்ச்சிகள் போதும். ஒவ்வொன்றையும் பணி, சூழல், சான்று என்ற மூன்றோடும் எழுதி, எந்த ஆண்டில் எவ்வளவு உதவியுடன் என்று குறித்து, மாணவர் கைநூலில் மூன்று மொழிகளிலும் அச்சிட வேண்டும். பீடச் சபைக்கும் மூதவைக்கும் போகும் திருத்த ஆவணத்தில் 12 பேறுகளின் அட்டவணை இருக்கட்டும், ஆனால் அதில் இடப்படும் ஒவ்வொரு சரி அடையாளத்துக்கும் எதிரே, அந்தச் சான்றைப் பார்க்கப்போகும் விரிவுரையாளர் யார், அதற்கு அவருக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று இன்னொரு பத்தியையும் சேர்க்க வேண்டும். அந்தப் பத்தி நிரம்பாத கட்டங்களிலிருந்து சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன்.